பெரிய கடல் மீனுக்கு எந்த லூர்: சாஃப்ட் பிளாஸ்டிக்கா, ஸ்டிக்பெய்ட்டா, மெட்டல் ஜிக்கா?

ராட், ரீல் வாங்கும் வரை பெரிய குழப்பம் இருப்பதில்லை. லூர், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரை, வாங்கப் போகும்போதுதான் பலர் நின்றுவிடுகிறார்கள். வஞ்சிரம், கடல் விரால், ஜி.டி. (ஜயன்ட் டிரெவலி என்ற பெரிய பாறை மீன்) மாதிரி பெரிய மீன்தான் வேண்டும், கையில் இருக்கும் பணத்துக்கு 9, 10 அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக் (மெத்தென்ற மீன் வடிவ லூர்) வாங்குவதா, மேல்தண்ணீரில் இழுக்கும் பாப்பர், ஸ்டிக்பெய்ட் வாங்குவதா, நேரே கீழே இறக்கும் மெட்டல் ஜிக் வாங்குவதா என்று கேட்கிறார்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் பைபர் படகில் போகிறவர்களிடமிருந்தும் இந்தக் கேள்வி வருகிறது, அந்தமானுக்கு முதல் தடவை டிக்கெட் போட்டவர்களிடமிருந்தும் வருகிறது. இரண்டு பேருக்கும் பதில் ஒன்றல்ல.

பெரிய சாஃப்ட் பிளாஸ்டிக் மீது நமக்கு ஆசை வந்ததே வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத்தான். அமெரிக்காவின் கேப் காட் கடலில் ப்ளூஃபின் சூரையை 10 அங்குல நேர்வால் பிளாஸ்டிக்கில் பிடிக்கிறார்கள். நார்வேயில் ஹாலிபட்டுக்கு ஒரு முழங்கை நீளத்துக்குத் துடுப்புவால் லூரை இறக்குகிறார்கள். கேப் காட்டில் அது எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே சூரை துரத்தித் தின்பது சாண்ட் ஈல் என்ற மெலிந்து நீண்ட சிறுமீனை. ஒல்லியான நேர்வால் பிளாஸ்டிக் அச்சு அசல் அதைப் போலவே இருக்கிறது. அதோடு ப்ளூஃபினுக்கு வஞ்சிரம் மாதிரி வெட்டும் பல் கிடையாது. இந்த இரண்டும் நம் கடலில் அப்படியே பொருந்தாது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுத்தண்ணீரில் மந்தமாக நிற்கிற, வேகமான லூரைத் திரும்பிக்கூடப் பார்க்காத பெரிய மீனுக்கு சாஃப்ட் பிளாஸ்டிக் மாதிரி வேறொன்று இல்லை. பல் மீன் கூட்டத்துக்கு நடுவே அதே லூர் பணத்தைக் கரைத்துவிடும். அதை வாங்குவது என்று முடிவெடுத்தால், வாலுக்கு, அதாவது அந்த பிளாஸ்டிக் உடம்புக்கு, போடும் பணத்தைவிட அதிகமாகத் தூண்டில் முள்ளுக்கும், அது பதித்த ஈயத் தலையான ஜிக் ஹெட்டுக்கும் போடுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் அளவுகோல். மேல்தண்ணீரில் இரையைச் சிதறடிக்கும் ஜி.டி.யும், 35 மீட்டர் ஆழத்தில் பார் எனும் கடலடிப் பாறைத்திட்டை ஒட்டி நிற்கும் ஜி.டி.யும் ஒரே மீன்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே லூர் போகாது.

அடுத்தது பல். வஞ்சிரம், ஊளி, வாளை, பேத்தை, கிளாத்தி இவை எல்லாம் நம் கரையோரத்தில் தாராளமாக இருக்கின்றன. எதைப் போட்டாலும் பெரிய மீனுக்கு முன்னால் இவற்றில் ஒன்று வந்து கடித்துப் பார்க்கும். இந்தக் கடியை உங்கள் லூர் எத்தனை தடவை தாங்கும் என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ராட். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. 150 கிராம் பாப்பர் வீசும் தடித்த ராடில் 60 கிராம் பிளாஸ்டிக்கை வீசினால் ராட் வளையாது, லூர் பத்தடியில் விழும். செங்குத்தாக ஜிக் அடிக்கும் 6 அடி ராடில் ஸ்டிக்பெய்ட் வீசவே முடியாது. லூரை மாற்றும் முடிவு பல நேரங்களில் இன்னொரு ராட் வாங்கும் முடிவாகிவிடுகிறது.

அப்புறம் காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டமும்), உங்கள் உடம்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும், மீனைச் சமையலுக்கு எடுத்துப்போகப் போகிறீர்களா, உயிரோடு விடப் போகிறீர்களா என்பதும். கடைசியாகச் சொன்னதும் லூர் தேர்வைப் பாதிக்கும். அதைக் கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## பெரிய சாஃப்ட் பிளாஸ்டிக்

பெரியது என்று நான் சொல்வது 7 முதல் 10 அங்குலம் வரை. இதில் இரண்டு வகை. துடுப்பு மாதிரி வால் கொண்டது சும்மா இழுத்தாலே ஆடும். நேர்வால் கொண்டது தானாக ஆடாது, ராட் நுனியால் வெட்டி வெட்டி விட்டால்தான் உயிர் வரும். பழகாத கைக்குத் துடுப்புவால் போதும். பழகிய கைக்கு நேர்வாலில்தான் பெரிய மீன் விழும் என்பது என் அனுபவம். நின்று போகும் அந்த ஒரு நொடி இடைவெளியில், லூர் தலை சாய்ந்து இறங்கும்போதுதான் அடி விழுகிறது.

இதன் பெரிய பலம், மெதுவாக ஓட்டினாலும் மீன் மாதிரியே இருப்பது. ஜிக்கை மெதுவாக இழுத்தால் அது வெறும் ஈயத்துண்டு. பாப்பரை மெதுவாக இழுத்தால் மிதக்கும் கட்டை. துடுப்புவால் பிளாஸ்டிக் மட்டும் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் ஆடிக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கரையோரத் தண்ணீர் கலங்கலாக இருக்கும் வாரங்களில் மீன் வேகமாகத் துரத்தாது. அப்போது துடுப்புவால் தண்ணீரில் எழுப்பும் அதிர்வை வைத்தே தேடி வரும். இன்னொன்று, கடித்தால் உடம்பு அமுங்குகிறது. மீன் உடனே துப்பாமல் இன்னொரு தடவை மெல்லுகிறது. முள் ஏற அந்த நேரம் போதும்.

கடல் விராலுக்கு இதைவிட நல்ல லூர் எனக்குத் தெரியாது. மிதவை, கப்பல் நங்கூரமிட்ட இடம், தண்ணீரில் மிதந்து வரும் மரம் இவற்றைச் சுற்றி நிற்கும் மீன் அது. சில நேரம் படகுக்குப் பக்கத்திலேயே மேலே வந்து சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும். அப்போது பாப்பரை அதன் தலைமேல் போட்டால் சத்தத்துக்கே விலகிவிடும். 8 அங்குல பிளாஸ்டிக்கை ஒரு ஆள் நீளம் முன்னால் போட்டு, அதன் மூக்குக்கு எதிரே மெல்ல இறங்கவிட்டால் திரும்பி வந்து விழுங்கும். ஒரு கடல் விரால் மாட்டி மேலே வரும்போது கூடவே இன்னொன்று வருவது வழக்கம். அதற்காக ஒரு ராடில் பிளாஸ்டிக் கட்டித் தயாராக வைத்திருப்பது நல்லது.

இனி செலவு. பெரிய மீனுக்கான சாஃப்ட் பிளாஸ்டிக்கில் தோற்பது பெரும்பாலும் வால் அல்ல, முள். நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஜிக் ஹெட்டுகள் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் செய்தவை. அந்த மெல்லிய முள்ளோடு 15 கிலோ ஜி.டி.யை இறுக்கிப் பிடித்தால், லூர் திரும்பி வரும், முள் நேராக நிமிர்ந்திருக்கும். ஜி.டி. எவ்வளவு வளரும் என்பதற்கு 2006-இல் ஜப்பானின் டோகாரா தீவுகளில் பிடிபட்ட 72.8 கிலோ மீனே சாட்சி. 1985-இல் ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் பிடிபட்ட கடல் விரால் 61.5 கிலோ. நம் படகில் அந்த அளவு வராவிட்டாலும், அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே சாதாரண ஜிக் ஹெட் தாங்காது. 8/0 முதல் 10/0 அளவு வரை தடித்த முள் பதித்த 60 முதல் 120 கிராம் ஜிக் ஹெட் வேண்டும். இதைத் தேடித்தான் வாங்க வேண்டும், விலையும் வாலைவிட அதிகம்.

முள் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, வளைவின் அகலமும் முக்கியம். பிளாஸ்டிக்கின் முதுகுக்கு மேலே முள் நுனி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கோத்தபின் பாருங்கள். குறைந்தது லூர் உடம்பின் தடிமன் அளவாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீன் கடிக்கும்போது பிளாஸ்டிக் சுருண்டு வளைவுக்குள் அடைத்துக்கொள்ளும், முள் வாயில் ஏறாது. "நல்ல அடி, ஆனால் மாட்டவில்லை" என்று படகில் கேட்கும் புலம்பலில் பாதிக்கு இதுதான் காரணம்.

கோக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிக் ஹெட்டை லூரின் பக்கவாட்டில் வைத்து, முள் வளைவு வெளியே வர வேண்டிய இடத்தை விரல் நகத்தால் குறித்துக்கொள்ளுங்கள். மூக்கின் நடுவில் குத்தி, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குறித்த இடத்தில் வெளியே எடுங்கள். ஈயத் தலையோடு மூக்கு சேரும் இடத்தில் ஒரு சொட்டு ஃபெவிகுவிக். மேலே இருந்து பார்த்தால் உடம்பு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் இழுக்கும்போது சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும், மீனும் நெருங்காது.

எடைக்கு ஒரு தோராயக் கணக்கு: நீவாடு மெதுவாக இருந்தால் 10 மீட்டர் ஆழத்துக்கு 20 கிராம், வேகமாக இருந்தால் 30 கிராம். 40 மீட்டர் ஆழத்தில் நீவாடு பலமாக இருக்கும் நாளில் 120 கிராமும் தரை தொடத் தடுமாறும். 10 அங்குல உடம்பு தண்ணீரில் நிறையத் தடை கொடுக்கும். அந்த நாளில் பிடிவாதம் பிடிக்காமல் ஜிக்குக்கு மாறிவிடுவது நல்லது.

இப்போது பல். வஞ்சிரம் பின்னாலிருந்து வந்து வாலை வெட்டும். வெட்டு எப்படி இருக்கும் என்றால், பிளேடால் அறுத்த மாதிரி குறுக்கே ஒரே கோடு, பிசிறே இருக்காது. 10 அங்குல லூரில் முள் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடுகிறது. மீதி முழுக்க வஞ்சிரத்துக்கு இலவசம். இதைச் சமாளிக்க ஜிக் ஹெட் வளையத்திலிருந்து குட்டையான கம்பியில் இன்னொரு முள்ளை வால் பக்கம் கட்டலாம். கட்டினால் வஞ்சிரம் மாட்டும். ஆனால் வாலின் ஆட்டம் குறையும், ஜி.டி.க்கு இருந்த கவர்ச்சியும் கொஞ்சம் போகும். லீடருக்கு (நரம்பின் நுனியில் கட்டும் தடித்த இழைக்கு) முன்னால் கம்பி போடுவதிலும் இதே சிக்கல்தான். வேகமாகப் போகும் ஜிக்கில் கம்பி மீனின் கண்ணில் பட நேரமில்லை. மெதுவாக ஓடும் பிளாஸ்டிக்கில் அது நன்றாகத் தெரிகிறது.

பேத்தை இன்னும் மோசம். அடி விழுந்ததே தெரியாது. மேலே எடுத்துப் பார்த்தால் வாலில் அரைவட்ட அரைவட்டமாகக் கடித்த தடம் இருக்கும். பார் ஓரம் பேத்தையும் கிளாத்தியும் கூடும் இடத்தில் ஒரு காலையில் ஒரு பாக்கெட் வால் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சாதாரண பி.வி.சி. பிளாஸ்டிக்குக்குப் பதில் எலாஸ்டெக் மாதிரியான இழுவை ரப்பர் வகை வாங்கினால் கடி அதிகம் தாங்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு வகையையும் ஒரே பெட்டியில் போட்டால் வினைபுரிந்து உருகி ஒட்டிக்கொள்ளும். எலாஸ்டெக் இயல்பாகவே மிதக்கும் தன்மை கொண்டது என்பதால் ஜிக் ஹெட் எடையும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். மே மாதம் கார் டிக்கியில் விட்ட சாஃப்ட் பிளாஸ்டிக் வால் மடிந்து அப்படியே உறைந்துவிடும். அந்த வால் தண்ணீரில் ஆடாது, சுழலும். தூக்கிப் போட வேண்டாம். நல்ல சூடான தண்ணீரில் சில நொடி முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப் பசை மரப் பாப்பரின் வண்ணத்தையும் அரிக்கும். எனவே தனிப்பெட்டி.

ஒரு விஷயத்தில் எனக்குச் சமாதானமே இல்லை. அறுந்து விழும் ஒவ்வொரு வாலும் கடலில்தான் கிடக்கிறது. மீன் விழுங்கினாலும் ஜீரணமாகாது, வயிற்றிலேயே தங்கும். பல் மீன் மொய்க்கும் இடத்தில் வாலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பது பணத்துக்கும் நல்லதல்ல, கடலுக்கும் நல்லதல்ல. இரண்டு வால் தொடர்ந்து அறுந்தால் லூரை மாற்றிவிடுங்கள். கிழிந்த துண்டுகளைப் படகிலிருந்து வீசாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

## பாப்பரும் ஸ்டிக்பெய்ட்டும்

மீன் மேல்தண்ணீரில் அடிக்கும் நேரத்தில் இவற்றோடு சாஃப்ட் பிளாஸ்டிக் போட்டி போட முடியாது. பாப்பரின் வாய் தண்ணீரைக் கொப்பளிக்கும் சத்தம் தூரத்து ஜி.டி.யையும் கூப்பிடும். அந்தமானில் பார் விளிம்பில் அலை உடையும் இடங்களில் முதல் தேர்வு இதுதான். இரை சிதறுகிறது, ஆனால் பாப்பருக்கு வரவில்லை என்றால் ஸ்டிக்பெய்ட். சத்தமில்லாமல் வழுக்கி ஓடுவதால் சந்தேகப்படும் மீனும் எடுக்கும். முரல், கோலா மாதிரி நீண்ட இரை இருக்கும்போது 180, 200 மில்லிமீட்டர் ஸ்டிக்பெய்ட் நன்றாக வேலை செய்கிறது. எடையும் வடிவமும் சேர்ந்து காற்றைக் கிழித்துப் போகும் என்பதால் வீச்சு தூரமும் பிளாஸ்டிக்கைவிட நிச்சயம் அதிகம். அலைக்குப் பயந்து படகைத் தள்ளி நிறுத்தும் இடங்களில் அந்தக் கூடுதல் தூரம்தான் மீனைக் கொடுக்கும்.

விலை அதிகம். கையால் செய்த நல்ல மரப் பாப்பர் ஒன்றே சில ஆயிரம் ரூபாய். ஆனால் பேத்தை கடித்துத் தீராது, ஊளி கடித்தால் வண்ணம்தான் போகும். நரம்பு அறுந்து போகாத வரை வருடக்கணக்கில் உழைக்கும். அப்படிப் பார்த்தால் பல் மீன் உள்ள இடத்தில் நீண்ட நாள் கணக்கில் இது பிளாஸ்டிக்கைவிட மலிவாகக்கூட அமையலாம்.

உண்மையான செலவு ராடும் ரீலும். பெரிய பாப்பருக்கு பி.இ. 8 (பி.இ. என்பது பின்னல் நரம்பின் தடிமன் எண்) நரம்பும், அதைத் தாங்கும் 14000 முதல் 20000 அளவு ரீலும், 130 பவுண்டுக்குக் குறையாத லீடரும் வேண்டும். நாள் முழுக்க வீசினால் தோளும் இடுப்பும் கெஞ்சும். பாப்பரை ஒழுங்காக இழுக்கும் தெம்பு பலருக்கு மதியத்துக்கு மேல் இருப்பதில்லை. ஜிம்முக்குப் போகிறவரா என்பது பொருட்டல்ல, வெயிலில் அசையும் படகில் நின்று பழகியவரா என்பதுதான் பொருட்டு. பழகாதவர் ஸ்டிக்பெய்ட்டிலிருந்து தொடங்குவது நல்லது.

மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். மாட்டும் அளவு பெரிதாகக் குறையாது. மீனை விடும்போது அதன் கண்ணும் செவுளும் தப்பும். படகு ஆடும்போது உங்கள் கையும் தப்பும்.

சோழமண்டலக் கரையில் இதை முதல் லூராக நான் சொல்ல மாட்டேன். மேல்தண்ணீர் அடி இங்கே இல்லை என்பதல்ல. காலையில் சாளைக் கூட்டம் மேலே வரும் நேரத்தில் தோல்பாறையும் வஞ்சிரமும் வெடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கொஞ்ச நேரம். மீதி நாள் முழுக்க மீன் கீழேதான் இருக்கிறது.

## மெட்டல் ஜிக்

சென்னை, புதுச்சேரி, நாகைப் பக்கம் படகில் போகும் ஒருவர் ஒரே ஒரு வகை லூர்தான் வாங்குவேன் என்றால் நான் ஜிக்கைத்தான் காட்டுவேன். நேரே கீழே போகும், நீவாட்டை மதிக்காது, தரை தொட்டது கைக்குத் தெரியும். பாரின் மேலும், மீன்வளத்துக்காகக் கடலில் இறக்கியிருக்கும் செயற்கைப் பார்களின் மேலும் படகை நிறுத்தி 80 முதல் 200 கிராம் வரை இறக்கினால் பாறை மீன், வஞ்சிரம், சூரை, ஊளி, களவா எது இருந்தாலும் கடிக்கும். ஊளி கடித்தால் வண்ணம் சுரண்டப்படும், அவ்வளவுதான். விலையும் கட்டுப்படியாகும், நம் ஊரிலேயே கிடைக்கிறது.

தொலைவது மட்டும் அதிகம். பாரில் சிக்கினால் ஜிக், முள், லீடர் எல்லாம் சேர்ந்து போகும். அடியில் முள் இல்லாமல், மேலே மட்டும் குட்டைக் கயிற்றில் உதவி முள் கட்டினால் சிக்குவது வெகுவாகக் குறையும். அந்த உதவி முள்ளின் கயிறு வஞ்சிரம் பல்லில் பிசிறடிக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

விமானத்தில் அந்தமான் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 200 கிராம் ஜிக் பத்து எடுத்தால் 2 கிலோ. 15 கிலோ பெட்டியில் ராட் உறையும் ரீலும் போக மிச்சம் என்ன இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வால்கள் இந்த விஷயத்தில் லேசு. ஜிக் ஹெட் மட்டும் கனம்.

மீனை விட நினைப்பவர்களுக்கு ஜிக்கில் ஒரு தயக்கம் இருக்க வேண்டும். 50, 60 மீட்டரிலிருந்து வேகமாக மேலே வரும் களவாவுக்கும் செப்பிலிக்கும் காற்றுப்பை ஊதி, வயிறு வாய் வழியே பிதுங்கிவிடும். அப்படியே விட்டால் மிதந்து சாகும். கடல் விராலுக்குக் காற்றுப்பை இல்லை, அதனால் ஆழத்திலிருந்து வந்தாலும் நல்லபடியாகத் திரும்பிப் போகும். விடுவதுதான் உங்கள் எண்ணம் என்றால், ஆழமான பார்களில் களவா மேல் ஜிக் இறக்குவதைத் தவிருங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: ராட்சதக் களவா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கும் மீன். தெரியாமல் மாட்டினாலும் படகில் ஏற்றாமல் விட்டுவிட வேண்டும்.

## உயிர் இரை

கேட்டவர்கள் லூரைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆனாலும் நம் மீனவர்கள் தலைமுறையாகப் பெரிய வஞ்சிரத்தையும் கடல் விராலையும் இதில்தான் எடுக்கிறார்கள் என்பதால் சொல்லாமல் விட முடியாது. நல்ல உயிர் இரையை எந்த லூரும் மிஞ்சாது. செலவு பணத்தில் இல்லை, நேரத்தில்: விடிவதற்கு முன்பே சிறுமீன் பிடிக்க வேண்டும், தொட்டியில் காற்று ஓட வேண்டும், செத்தால் தண்ணீர் மாற்ற வேண்டும். மீனை விடப் போகிறீர்கள் என்றால் வட்ட முள் (நுனி உள்நோக்கி வளைந்த முள்) கட்டாயம். சாதாரண முள்ளை விழுங்கிவிடும், குடலில் மாட்டிய மீன் பிழைப்பது கடினம். படகுக்காரர் இதில் கைதேர்ந்தவர் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள், லூர் பெட்டியை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

## பக்கம் பக்கமாகப் பார்த்தால்

| | பெரிய சாஃப்ட் பிளாஸ்டிக் | பாப்பர், ஸ்டிக்பெய்ட் | மெட்டல் ஜிக் |
|---|---|---|---|
| சிறந்த ஆழம் | 3 முதல் 35 மீட்டர் வரை | மேல்தண்ணீர் | 20 மீட்டருக்குக் கீழே |
| பல் மீன் கடி | வால் போய்விடும் | வண்ணம் போகும் | உதவி முள் கயிறு பிசிறும் |
| காற்றில் வீச்சு | சுமார் | நல்ல தூரம் | வீசும் வகை மிக நல்ல தூரம் |
| பலமான நீவாடு | தடுமாறும் | பாதிப்பு குறைவு | சமாளிக்கும் |
| கலங்கல் தண்ணீர் | துடுப்புவால் நல்லது | பாப்பர் பரவாயில்லை | சுமார் |
| உடம்புக்கு உழைப்பு | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் |
| மறைந்திருக்கும் செலவு | தடித்த ஜிக் ஹெட், ஓயாமல் வால் | ராட், ரீல், லீடர் | பாரில் தொலைவது |
| மீனை விடுவதற்கு | ஒற்றை முள், எளிது | ஒற்றை முள் போட்டால் எளிது | ஆழத்து மீனுக்கு ஆபத்து |

## யாருக்கு எது

ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்கிறவருக்கு: 7 அடி 6 அங்குலத்துக்கு மேல், 60 முதல் 130 கிராம் வரை வீசும் பி.இ. 5, 6 ராட். அதில் நடுத்தர ஸ்டிக்பெய்ட்டும் பெரிய சாஃப்ட் பிளாஸ்டிக்கும் இரண்டும் ஓடும், தேவைப்பட்டால் 100 கிராம் ஜிக்கையும் இறக்கலாம். பெரிய பாப்பரை மறந்துவிட வேண்டும். என் கண்ணுக்கு அது நஷ்டமில்லை.

சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வாரக்கடைசிகளில் போகிறவர் ஜிக்கை முதலில் வாங்கட்டும். அதோடு 7 அங்குல துடுப்புவால் ஒரு பாக்கெட்டும், தடித்த முள் ஜிக் ஹெட் நான்கும் போதும். 10 அங்குலம் இங்கே பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இங்கே பெரிய மீன் தின்பது சாளையும் நெத்திலியும்தான். விதிவிலக்கு, வாளையோ முரலோ கூட்டமாக இருக்கும் நாட்கள். அன்றைக்கு நீளமான நேர்வால் லூர் தனியாகத் தெரியும். படகில் ஏறுமுன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் அன்று என்ன மீன் படுகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த லூரைக் கட்டுவது என்பதற்கு அதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

கடல் விராலையே குறிவைக்கிறவருக்கும், தோள்வலி உள்ளவருக்கும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவருக்கும் சாஃப்ட் பிளாஸ்டிக்தான். மெதுவாக இழுத்தாலே போதும் என்பதால் புதியவர் கையிலும் பெரிய மீன் விழும் வாய்ப்பு இதில்தான் அதிகம்.

வஞ்சிரம்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்கிறவர் பெரிய சாஃப்ட் பிளாஸ்டிக் பக்கமே போக வேண்டாம். கம்பி போட்ட ஜிக், அல்லது படகை ஓட்டியபடி இழுக்கும் ஆழ மின்னோ (ஆழத்தில் நீந்தும் மீன் வடிவ லூர்). இரண்டும் மலிவு, இரண்டும் பல் தாங்கும்.

அந்தமானுக்குப் போகிறவர் ஸ்டிக்பெய்ட் மூன்று, பாப்பர் இரண்டு என்று எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் எடையில் 9, 10 அங்குல பிளாஸ்டிக் ஒரு பாக்கெட் சேர்த்துக்கொள்ளட்டும். ஸ்டிக்பெய்ட் பின்னால் வந்து, படகைப் பார்த்துத் திரும்பிப் போன ஜி.டி.க்கு அதை உடனே போட வேண்டும். திரும்பிய மீன் பெரும்பாலும் ஐந்து, பத்து மீட்டர் கீழே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். பாப்பரால் அங்கே எட்ட முடியாது, ஜிக் அதைத் தாண்டி விழுந்துவிடும். 80 கிராம் ஜிக் ஹெட்டில் கோத்த பிளாஸ்டிக் அந்த ஆழத்தை மெதுவாகக் கடந்து இறங்கும். இந்த ஒரு வேலைக்காகவே அந்த பாக்கெட்டைத் தூக்கிப்போவது தகும். வண்டூர் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் போடக் கூடாது. படகு ஏற்பாடு செய்பவரிடம் அனுமதிக் காகிதங்களைப் பற்றி முன்பே கேட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் இதே தடை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் என்பதையும் பயணத் தேதி போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட் பிளாஸ்டிக் என்று முடிவு செய்துவிட்டவர்கள் கடையில் இந்த வரிசையில் வாங்குங்கள். முதலில் ஜிக் ஹெட்: 60, 80, 120 கிராம், ஒவ்வொன்றிலும் இரண்டு. முள்ளைக் குறடால் பிடித்து வளைத்துப் பாருங்கள், கையால் நிமிர்த்த முடிந்தால் அதை வாங்காதீர்கள். அடுத்து 80, 100 பவுண்டு லீடர் நரம்பு. அப்புறம்தான் வால். நிறம் இரண்டு போதும்: தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி கலந்த வெள்ளை, கலங்கலுக்கு அடர்ந்த கறுப்பு அல்லது ஊதா. மிச்சப் பணத்தில் இன்னும் இரண்டு ஜிக் ஹெட் வாங்கிக்கொள்ளுங்கள்.